தம்பியின் தட்டும் அத்தையின் இருமலும்

கேள்வி:

எங்களுக்குத் திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமம். என் தம்பிக்கு வயது 31. பத்தாவது முடித்த சில வருடத்திலேயே போர்வெல் வண்டிக்கு வேலைக்குப் போய்விட்டான். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை வந்தபோது ஆளே பாதியாகிவிட்டான். விடாத காய்ச்சல், வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எச்.ஐ.வி. என்று சொல்லிவிட்டார்கள். சிடி4 168 என்று சீட்டில் இருக்கிறது. எக்ஸ்ரேவும் சளியும் பார்த்து டி.பி. இல்லை என்றார்கள். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது.

அம்மா, அப்பா இல்லாததால் என் வீட்டில்தான் இருக்கிறான். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் மாமியார் அவனுக்குத் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. வயதானவர், ஒரு மாதமாக இருமல் வேறு. தம்பியிடமிருந்து அவருக்கு ஏதாவது தொற்றிவிடுமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. குழந்தைகள் இருவரும் சின்னவர்கள். சின்னவள் அவன் தட்டிலிருந்துதான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிப்பாள். யாருக்கும் தெரியாமல் இருவருக்கும் லேபில் டெஸ்ட் எடுத்தேன். இல்லை என்று வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டுமாமே?

இந்தக் கிருமி எப்படித்தான் பரவுகிறது? கொசு மூலமாக வந்திருக்குமா? உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? இந்த மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வரவில்லை, உடம்பு தேறினதும் நிறுத்திவிடுவேன் என்கிறான். கொல்லிமலையில் ஒருவர் மருந்து கொடுத்து முழுசாகக் குணமாக்குகிறார் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். போகலாமா? அவனுக்குக் கல்யாணம் என்பது இனி இல்லையா?

— பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மாமியாருக்கு ஒரு மாதமாக இருமல் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்கும் அந்த இருமல்தான் கவலையாக இருந்தது. ஆனால் நீங்கள் பயப்படுவது அவருக்காக. நான் பயப்படுவது உங்கள் தம்பிக்காக.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அது யாராக இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நம் நாட்டில் காசநோய் அவ்வளவு பரவலாக இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை உலகெங்கும் அதிகம் பறிப்பதும் காசநோய்தான். எச்.ஐ.வி. காற்றில் வராது. காசநோய்க் கிருமி காற்றில்தான் வரும். ஒரே அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இருமுகிறவரும், எதிர்ப்புச் சக்தி குறைந்து சிடி4 168-க்கு இறங்கியவரும் இருந்தால் ஆபத்து யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். அத்தையைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். சளியை ஒரு சின்ன டப்பாவில் கொடுத்தால் போதும், செலவு கிடையாது. காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளியாக இருக்கட்டும், வெறும் எச்சில் பயன்படாது. அது சாதாரண ஆஸ்துமாவாகவோ, அடுப்புப் புகையால் வந்த இருமலாகவோ இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் பார்த்துவிட வேண்டும். முடிவு தெரியும்வரை அத்தை வாயைத் துணியால் மூடி இருமட்டும், தம்பி காற்றோட்டமான வேறு அறையிலோ திண்ணையிலோ படுக்கட்டும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் உடலில் இந்தக் கிருமி தொற்றும் அளவுக்கு இருப்பது ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில்தான். அதிலிருந்து இன்னொருவரின் ரத்தத்துக்கோ, உடலுக்குள் இருக்கும் மென்மையான சவ்வுக்கோ அது நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். ஆணுறை இல்லாத உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, பரிசோதிக்காத ரத்தம், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பாலூட்டும்போதும் தாயிடமிருந்து பிள்ளைக்கு. பரவும் வழிகள் இவ்வளவுதான். நம் நாட்டில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வருவது உடலுறவு வழியாக.

எல்லா வழியும் ஒரே அளவு ஆபத்தானதும் அல்ல. கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வந்துவிடும். அதே ரத்தம் பட்ட ஊசி ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸின் கையில் தவறுதலாகக் குத்தினால் வருவது ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்கு. அதையும் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டுப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஊசி குத்தியதற்கே கணக்கு இதுதான் என்றால், ஒரே தட்டில் சாப்பிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எச்சிலில் கிருமி மிக மிகக் குறைவு. அதைச் செயலிழக்கச் செய்யும் பொருள்களும் எச்சிலிலேயே இருக்கின்றன. வியர்வை, கண்ணீர், இருமல், தும்மல், ஒரே கழிப்பறை, ஒரே சோப்பு, முத்தம், மடியில் தூங்குவது எதிலும் பரவாது. சின்னவள் மாமாவின் தட்டிலிருந்தே சாப்பிடட்டும். குழந்தைகள் இருவருக்கும் மறுபடி டெஸ்ட் வேண்டாம். அந்த மூன்று மாதக் கணக்கு, கிருமி நுழைந்திருக்க வாய்ப்புள்ளவர்களுக்கானது. கிருமி புகுந்ததும் உடல் உடனே எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடாது, பரிசோதனையில் அது தெரிய சில வாரங்கள் ஆகும் என்பதால்தான் திரும்பப் பார்க்கச் சொல்கிறோம். உங்கள் குழந்தைகளுக்கு முதல் டெஸ்ட்டே தேவைப்பட்டிருக்கவில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை ஒன்றிரண்டு உண்டு. சவர பிளேடும் டூத் பிரஷும் அவரவருக்குத் தனி. தம்பிக்குக் காயம்பட்டு ரத்தம் வந்தால் கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு துடையுங்கள், இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். வாயில் புண்ணோ ஈறில் ரத்தமோ இருக்கும்போது சோற்றை மென்று குழந்தைக்கு ஊட்டுவது மட்டும் கூடாது. அப்படிப் பரவியது மிக அரிதாகப் பதிவாகியிருக்கிறது.

கொசுவைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. கொசு கடிக்கும்போது நமக்குள் செலுத்துவது தன் எச்சிலை, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. மலேரியாக் கிருமிக்குக் கொசுவின் உடலில் வளரத் தெரியும். எச்.ஐ.வி.க்குத் தெரியாது, குடித்த ரத்தத்தோடு அதுவும் செரித்துப்போகும். கொசுவால் வருவதாக இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் திண்ணையில் படுக்கும் தாத்தாக்களுக்கும்தான் இந்த நோய் முதலில் வந்திருக்கும். உலகில் எந்த நாட்டிலும் அப்படி நடக்கவில்லை.

தம்பிக்கு எப்படி வந்தது என்பதை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகத் துருவ வேண்டாம். வீட்டைவிட்டு மாதக்கணக்கில் ரிக் வண்டியோடு காட்டிலும் மேட்டிலும் கிடக்கும் இளைஞர்களை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். காய்ச்சலோடு வந்து, பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிய பிறகு அவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது ‘பிழைப்பேனா’ என்று அல்ல. ‘வீட்டில் சொல்லிவிடுவீர்களா’ என்றுதான். உங்கள் தம்பி உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்தால்தான் மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்பது புரியும்.

நம் ரத்தத்தில் வெள்ளணுக்களில் ஒரு வகைக்குச் சிடி4 செல் என்று பெயர். இவை நேரடியாகக் கிருமியோடு சண்டை போடுவதைவிட, சண்டை போடும் மற்ற செல்களை ஏவுகிற வேலையைத்தான் அதிகம் செய்கின்றன. கட்டட வேலையில் மேஸ்திரி இல்லாத நாளை நினைத்துக்கொள்ளுங்கள். சித்தாளும் இருக்கிறார், செங்கல்லும் இருக்கிறது, வேலை மட்டும் நகராது. எச்.ஐ.வி. குறிவைப்பது அந்த மேஸ்திரியை. அதன் மேலுறையில் உள்ள ஒரு புரதம், இந்தச் செல்லின் மேலிருக்கும் சிடி4 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. உள்ளே போனதும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அந்தப் படியை நம் செல்லின் மரபுப்பொருளுக்கு நடுவிலேயே செருகிவிடுகிறது. அதன்பின் அந்தச் செல் தன் வேலையை விட்டுவிட்டு வைரஸைத் தயாரிக்கத் தொடங்குகிறது. சிகிச்சை எடுக்காத ஒருவர் உடலில் ஒரே நாளில் பல நூறு கோடி புது வைரஸ்கள் உருவாகின்றன.

கிருமி புகுந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு வரும். வைரல் ஃபீவர் என்று ஊசி போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதும், பிறருக்குப் பரவ வாய்ப்பு மிக அதிகமாக இருப்பதும் அந்த வாரங்களில்தான். குடல் சுவரில் கூட்டமாக இருக்கும் சிடி4 செல்களில் பெரும்பகுதி அப்போதே அழிந்துவிடுகிறது. பிறகு காய்ச்சல் தானாக விட்டுவிடும். எட்டு, பத்து வருடம் வரைகூட வெளியே ஒன்றும் தெரியாது. போர் போடுவார், மூட்டை தூக்குவார், கறி சாப்பிடுவார். உள்ளே மட்டும் வருடாவருடம் சிடி4 இறங்கிக்கொண்டே போகும். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500 முதல் 1500 வரை இருக்க வேண்டியது அது. உங்கள் தம்பியின் 168-ஐப் பார்த்தால், கிருமி நுழைந்து அநேகமாகச் சில வருடங்கள் ஆகியிருக்கும்.

அளவு குறையக் குறைய, இத்தனை நாள் நம்மோடு சும்மா இருந்த கிருமிகளெல்லாம் எழுந்து வரும். முதலில் அக்கி, காசநோய். 200-க்குக் கீழே போனால் ஒருவித பூஞ்சையால் வரும் நிமோனியா. 100-க்குக் கீழே மூளைக்காய்ச்சல், 50-க்குக் கீழே கண்பார்வையைப் பறிக்கும் வைரஸ். 200-க்குக் கீழான நிலையைத்தான் எய்ட்ஸ் என்கிறோம். எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர், எய்ட்ஸ் என்பது அது முற்றிய நிலை. தம்பியின் வாயில் நீங்கள் பார்த்த வெள்ளைத் திட்டும் ஒரு பூஞ்சைதான். டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கில் மட்டுமல்ல, மேல் அண்ணத்திலும் படர்ந்திருக்கும். ஸ்பூனால் மெல்லச் சுரண்டினால் பெயர்ந்து வரும், அடியில் சிவந்திருக்கும். அது தொண்டைக்குள் இறங்கிவிட்டால் விழுங்கவே முடியாது. சாப்பிடாமல் எடை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டார் அதை ‘மனசு விட்டுட்டான்’ என்று நினைத்துவிடுவார்கள்.

இப்போது மாத்திரை. தம்பிக்குக் கொடுத்திருப்பது பெரும்பாலும் டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரையாக இருக்கும். டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. மேலே சொன்ன படியெடுக்கும் வேலையை முதல் இரண்டும் தடுக்கின்றன. செருகும் வேலையை மூன்றாவது தடுக்கிறது. புதிய செல்களுக்குள் வைரஸ் பரவ முடியாமல் போனதும் சிடி4 மெல்ல ஏறும். ஆனால் ஏற்கெனவே செருகப்பட்ட சில செல்கள் வருடக்கணக்கில் தூங்குகின்றன. தூங்கும் செல்லை எந்த மாத்திரையும் தொடாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே வைரஸ் பழையபடி பெருகிவிடும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். விட்டுவிட்டுச் சாப்பிடுவது இன்னும் மோசம், மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகிவிடும்.

தூக்கம் வராததற்கு வழி சுலபம். இரவில் சாப்பிடுகிறார் என்றால் காலைக்கு மாற்றிக்கொள்ளட்டும், ஏ.ஆர்.டி. மையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. பெரும்பாலும் சரியாகிவிடும். நெஞ்செரிச்சல் மருந்து, இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்துப் போட்டால் டொலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. ஏ.ஆர்.டி. மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். மருந்துக்கடையில் தானாக எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். நிமோனியா வராமலிருக்க கோட்ரிமாக்சசோல் கொடுத்திருப்பார்கள், காசநோயைத் தடுக்கும் மாத்திரையும் தருவார்கள். இரண்டையும் மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில், உடலின் எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது, அதுவரை மறைந்திருந்த காசநோய் திடீரென்று வெளியே தெரியலாம். காய்ச்சல் வரும், கழுத்தில் நெறி கட்டும், எடை குறையும். ‘மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். நிறுத்தாமல் உடனே மையத்துக்கு வர வேண்டும். எக்ஸ்ரே அன்றைக்குச் சுத்தமாக இருந்தது என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

கொல்லிமலைக்குப் போக வேண்டாம். எச்.ஐ.வி.யை உடலிலிருந்து முழுவதுமாக நீக்கும் மருந்து இன்று எந்த வைத்திய முறையிலும் இல்லை. ரத்தப் புற்றுநோய் போன்ற காரணங்களுக்காக எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்ட மிகச் சிலர் உலகில் குணமாகியிருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை வேறு யாருக்கும் செய்ய முடியாது. பாதரசம் சேர்ந்த மெழுகு மருந்து எதையாவது கொடுத்தால், டெனோஃபோவிரோடு சேர்ந்து சிறுநீரகம் கெடும். இந்த விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். முழுக் குணம் என்று நம்பி, நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவர்கள் மாத்திரையை விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாமியாரின் பயத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தபோது கொடுக்க மருந்தே கிடையாது. மண்டையோட்டுப் படம் போட்டுத்தான் ஊருக்கு எச்சரிக்கை சொன்னார்கள். பிறகு வந்த புள்ளிராஜா எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமும் உங்கள் அத்தைக்கு நினைவிருக்கும். 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட நாட்டில் எட்டு இடங்களில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. பயமுறுத்தும் செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் மாத்திரை வந்த செய்தி போய்ச் சேரவில்லை. அதை நீங்கள்தான் அத்தைக்குச் சொல்ல வேண்டும். நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போல ஏறக்குறைய முழு ஆயுளும் வாழலாம். தனித் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தனியாக உட்காரவைக்கப்பட்டவர் முதலில் சாப்பாட்டைக் குறைப்பார், பிறகு மாத்திரையை.

கல்யாணம் பற்றி. இப்போதைக்குத் தள்ளிவையுங்கள், ஆனால் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த அளவிலேயே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 888 ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு கொண்டும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடப் பரவவில்லை. குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் பெண்ணிடம் மறைத்து எதுவும் கூடாது. வரப்போகிறவருக்கு எல்லாம் தெரிந்து, அவர் சம்மதித்தால் மட்டுமே. எச்.ஐ.வி. உள்ள ஒருவரையே மணக்க விரும்பினால், பல மாவட்டங்களில் எச்.ஐ.வி. உள்ளோர் நலச் சங்கங்கள் இருக்கின்றன, மையத்து ஆலோசகரிடம் கேளுங்கள். அதேபோல, தம்பியின் நிலையை அவர் சம்மதமில்லாமல் யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. பெண் பார்த்த தரகரிடம் ‘இப்போது வேண்டாம்’ என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அத்தைக்குக் காசநோய் என்று வந்துவிட்டால் பதறாதீர்கள். அவருக்கும் இலவச மருந்து உண்டு, குணமாகிவிடும். ஆனால் அன்றே தம்பியை மறுபடி பரிசோதிக்க வேண்டும், வீட்டில் உள்ள மற்றவர்களையும், முக்கியமாக ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் அதையும். ஒருவேளை தம்பிக்கும் காசநோய் மருந்து ஆரம்பிக்க நேர்ந்தால், அதிலுள்ள ரிஃபாம்பிசின் டொலுடெக்ராவிரின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், கூடுதலாக ஒரு வேளை டொலுடெக்ராவிர் தர வேண்டியிருக்கும். அதனால் காசநோய் மருந்து கொடுப்பவரிடம் ஏ.ஆர்.டி. சீட்டையும், ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் காசநோய்ச் சீட்டையும் கட்டாயம் காட்டுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.